கொசுறு வேறு, தலையில் கட்டுவது வேறு

கேள்வி: கணினி, கைபேசி எதை வாங்கினாலும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடு பிரவுசர், பாட்டுக் கேட்கும் செயலி, விளையாட்டு என்று ஒரு மூட்டையைக் கொசுறாகச் சேர்த்துத் தருகிறார்களே, இது சரியா?
(தேனியில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் வாசகர்)

பதில்: இதற்குப் போய் ‘கொசுறு’ என்ற சொல்லைப் போட்டுவிட்டீர்களே! அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

எங்கள் தெருவுக்குக் காலை ஏழு மணிக்குத் தள்ளுவண்டியில் காய் கொண்டுவரும் அக்கா ஒருவர் இருக்கிறார். அரைக் கிலோ கத்தரிக்காயை நிறுத்துப் பையில் கொட்டியதும் என் மனைவி, “கறிவேப்பிலை போடுங்கக்கா” என்பார். அவர் ஈரச் சாக்கை விலக்கி ஒரு கொத்தை உருவி, தண்ணீரை உதறிவிட்டுக் காய்க்கு மேலே வைப்பார். கை சும்மா இருக்காது, இரண்டு பச்சை மிளகாயும் சேர்ந்து விழும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் “இன்னைக்கு வேணாம்” என்று சொன்னால் போதும், கொத்து சாக்குக்கே திரும்பிவிடும். விலை ஏறிய நாளில் “கறிவேப்பிலை என்ன விலை விக்குதுன்னு தெரியுமா?” என்று நேராகவே மறுத்துவிடுவார். கேட்டு வாங்குவது கொசுறு. வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நீங்கள் சொல்கிற மூட்டையை நான் சின்ன வயதில் உரக்கடையில் பார்த்திருக்கிறேன். யூரியா தட்டுப்பாடான நாட்களில் அப்பா மூட்டை கேட்டால், “இதையும் சேர்த்து வாங்கினாத்தான்” என்று ஏதோ நுண்ணூட்டப் பொட்டலம் இரண்டை எடுத்து வைப்பார்கள். நாற்று நட்டாகிவிட்டது, பயிர் காத்திருக்காது. அப்பா பேசாமல் பணத்தைக் கொடுத்துவிடுவார். அந்தப் பொட்டலங்கள் பரணில் பிரிக்காமலே கிடந்து கல்லாய் இறுகிப் போயின. இதற்குத் தமிழில் ‘தலையில் கட்டுவது’ என்று பெயர்.

கணினி உலகில் இதற்கென்று ஒரு பெரிய வழக்கே நடந்தது. நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கொடிகட்டிப் பறந்த காலத்தில், மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸுக்குள் வைத்துத் தைத்தது. அந்த எக்ஸ்ப்ளோரரின் அடித்தளமும் ஸ்பைகிளாஸ் என்ற சின்ன நிறுவனத்திடம் உரிமம் வாங்கியதுதான். குறைந்தபட்சத் தொகை ஒன்று, அதற்கு மேல் வருமானத்தில் பங்கு என்பது பேச்சு. பிரவுசரைக் காசில்லாமல் விண்டோஸோடு கொடுத்த பிறகு வருமானம் ஏது, பங்கு ஏது? கடைசியில் 1997-இல் 80 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள். ‘இலவசம்’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஸ்பைகிளாஸ்தான் நினைவுக்கு வரும்.

1998 மே மாதம் அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டன. பிரவுசர் விண்டோஸின் ஓர் அங்கம், அதைப் பிரித்தால் விண்டோஸ் கெட்டுவிடும் என்றது நிறுவனம். அரசுத் தரப்புச் சாட்சியான எட்வர்ட் ஃபெல்டன் என்ற பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர், பிரவுசரை எடுத்துவிட்டும் விண்டோஸை ஓட்ட முடியும் என்று காட்ட ஒரு நிரல் எழுதினார். அதை ஓட்டினால் கணினி எப்படித் தவிக்கிறது பாருங்கள் என்று, 1999 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் நீதிமன்றத்தில் ஒரு வீடியோவைப் போட்டது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் டேவிட் பாய்ஸ் ஓரிடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். திரையிலிருந்த ஜன்னலின் மேல்பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஃபெல்டனின் நிரல் ஓடியிருந்தால் அந்தத் தலைப்பு வேறாக இருந்திருக்க வேண்டும். அதாவது, நிரலே ஓடாத கணினியைக் காட்டி ‘தவிக்கிறது’ என்றிருக்கிறார்கள். சாட்சிக் கூண்டில் இருந்தவர் மைக்ரோசாஃப்ட்டின் மூத்த அதிகாரி ஜிம் ஆல்சின். அவர் அந்த இடத்தில் தவறை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ‘இதை நீக்க முடியாது’ என்று எந்தத் திரையில் பார்த்தாலும் அந்த மேல்பட்டை என் கண்முன் வந்துவிடும்.

நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்ன கீழ் நீதிமன்றத் தீர்ப்பை 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, ஏகபோகத்தைக் காக்கச் சட்டத்தை மீறினார்கள் என்பதை மட்டும் உறுதி செய்தது. அதற்குள் நெட்ஸ்கேப் வீழ்ந்திருந்தது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறாத கோபம். எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001-இல். அடுத்த பதிப்பு 2006-இல். போட்டிக்கு ஆள் இல்லை என்றதும், உலகத்தில் பெரும்பாலோர் பயன்படுத்திய ஒரு பொருளை ஐந்து வருடம் அப்படியே போட்டு வைத்தார்கள். இலவசமாக வந்ததற்கு நாம் கொடுத்த விலை அது.

அப்படியானால் எல்லாவற்றையும் உருவிவிட்டு வெறும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கொடு என்கிறேனா? இல்லை. ஐரோப்பிய ஆணையம் 2004-இல் 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்கச் சொன்னது. விற்றார்கள். விலை இரண்டுக்கும் ஒன்றுதான், குறைந்ததை யார் வாங்குவார்?

எனக்கு இதில் பழைய சண்டை ஒன்று வேறு இருக்கிறது, அடிக்கடி வரும் வாசகர்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் இந்தப் பத்திரிகையைக் கணினியில் கோக்கத் தொடங்கினோம். அன்று கணினியோடு தமிழ் வராது. எழுத்துருவைத் தனியே வாங்க வேண்டும். ஒவ்வொருவர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை, ஒரு விசைப்பலகை. எழுத்தாளர் ஃபிளாப்பியில் கட்டுரை அனுப்புவார், அவர் எழுத்துரு எங்களிடம் இருக்காது. திறந்தால் ஆங்கில எழுத்தும் கொக்கியும் புள்ளியுமாகக் கிடக்கும். நடுநடுவே எங்கிருந்தோ ஒரு ஒற்றைக்கொம்பு. நாங்கள் வாங்கிய எழுத்துருவை விற்றவர்கள் பிறகு கடையை மூடிவிட்டார்கள். மூன்று வருட இதழ்களை அச்சுப் பிரதியைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம்.

எழுத்து கணினியோடு வர வேண்டும் என்று அன்று நான் பேசாத கூட்டமில்லை. “சும்மா கொடுத்தால் எழுத்துரு செய்பவன் எப்படிப் பிழைப்பான்?” என்று என்னை மடக்கியவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், நெட்ஸ்கேப்காரர்களின் கேள்வியும் அதுவே. ஆனால் எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு ஆப்பிளின் மேக் கணினிக்குள்ளேயே போனது. செய்தவர் பெயரும் நின்றது, வாங்கியவருக்கும் எழுத்து கிடைத்தது. 2013-இல் ஐபோனின் ஐஓஎஸ் 7-இல் தமிழ் விசைப்பலகை வந்த அன்று நான் செய்த முதல் வேலை, என் அக்காவுக்கு ‘சாப்பிட்டாயா’ என்று தமிழில் அனுப்பியதுதான். இவையெல்லாம் நாம் கேட்டுக் கேட்டு வாங்கியவை. லதா இருக்கிறது என்பதால் வேறு எழுத்துருவைப் போட யாரும் தடை சொல்வதில்லை.

அதே அக்கா போன மாதம் வாங்கிய ஆண்ட்ராய்டு கைபேசியைப் பாருங்கள். 32 ஜிபி. பேத்தியின் காதுகுத்து வீடியோ இறங்கவில்லை, ‘இடம் இல்லை’ என்கிறது. அமைப்புகளுக்குள் போய் செயலிகளை ஒவ்வொன்றாகத் தொட்டேன். அவர் திறந்தே பார்க்காத பல செயலிகளில் ‘நீக்கு’ என்ற பொத்தானே இல்லை, ‘முடக்கு’ மட்டும்தான். முடக்கினால் ஐகான் கண்ணுக்குத் தெரியாது, தொழிற்சாலையில் ஏற்றிய பிரதி இருந்த இடத்தில் இருந்துகொண்டே இருக்கும். எனக்கு உரக்கடைப் பொட்டலங்கள் ஞாபகம் வந்தன.

ஆண்ட்ராய்டில் இப்படிக் கட்டித் தருவது உள்ளிட்ட காரணங்களுக்காகத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மனதாரப் பாராட்டினேன். 2025-இல் மத்திய அரசே, தொலைந்த கைபேசியையும் மோசடி அழைப்பையும் பற்றிப் புகார் செய்ய உதவும் தன் சஞ்சார் சாத்தி செயலியை எல்லாப் புதுக் கைபேசியிலும் ஏற்றியே தீர வேண்டும் என்று உத்தரவிட்டபோது அதையும் எதிர்த்தேன். எதிர்ப்பு வலுத்து, டிசம்பர் 3-ஆம் தேதி உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். நல்ல செயலியாகவே இருக்கட்டும், வேண்டியவர் ஏற்றிக்கொள்வார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தரட்டும். ஆனால் ஒவ்வொன்றிலும் ‘நீக்கு’ பொத்தான் இருக்க வேண்டும், அழுத்தினால் இடம் முழுதாகத் திரும்பக் கிடைக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாததை நான் கொசுறு என்று சொல்ல மாட்டேன்.

உங்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. திரை மாற்ற, பேட்டரி மாற்ற உங்கள் கடைக்கு வருகிறவர்களில் பலருக்குத் தங்கள் கைபேசியில் தமிழ் விசைப்பலகை இருப்பதே தெரியாது. “தமிழில் எழுதணுமா, போட்டுத் தரவா?” என்று கேளுங்கள். ஆம் என்றால் போட்டுக் கொடுங்கள். ஒரு நிமிட வேலை. அதற்குக் காசு வாங்காதீர்கள்.