கிரிக்கெட் பழகிய பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் ஸ்விங் சொல்லித் தருவது எப்படி?

கேள்வி: குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பெண்களுக்கு சாஃப்ட்பால் பழக்குகிறேன். எல்லோரும் கிரிக்கெட் மாதிரியே அடிக்கிறார்கள். பந்து தரையில் உருள்கிறது, இல்லையென்றால் படுவதே இல்லை. பேட்டைச் சுழற்றி அடிக்கிற ஸ்விங்கை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

காலிலிருந்து ஆரம்பியுங்கள், டீச்சர். கை கடைசியில் வரட்டும். காட்பாடியில் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கி வருகிறவன் என்பதால் அழுத்தியே சொல்கிறேன். தோளாலும் கையாலும் மட்டும் அடிக்கிற பிள்ளைக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் பந்து ஷார்ட் ஸ்டாப்பை, அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கிற ஃபீல்டரைத் தாண்டுவது கஷ்டம். தரையை ஊன்றி இடுப்பைத் திருப்பத் தெரிந்த ஒல்லிப் பெண் அதே பந்தை அவுட்ஃபீல்டுக்கு அனுப்பிவிடுவாள்.

பலமெல்லாம் கையில்தான் என்று பிள்ளைகள் நம்புவார்கள். அதை மாற்ற நம் ஊரிலேயே ஆள் இருக்கிறார். வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ எடைப்பிரிவில் பளு தூக்கித் தங்கம் வாங்கியவர். அவர் தூக்கும் வீடியோவைப் போட்டுக் காட்டி, "பளு தரையை விட்டுக் கிளம்புறப்போ உடம்புல எது தள்ளுது பாருங்க" என்று கேளுங்கள். தொடையும் இடுப்பும் என்று அவர்களே சொல்வார்கள். அதன் பிறகு "இடுப்பைத் திருப்பும்மா" என்று நீங்கள் கத்தினால் அர்த்தம் புரியும்.

கிரிக்கெட்டை மறக்கச் சொல்லாதீர்கள். பந்தைக் கண்ணால் பிடிக்கும் பழக்கம் அதில் கிடைத்ததுதான். வலக்கை ஆட்டக்காரிக்கு இடக்கை கைப்பிடியின் முனையிலும் வலக்கை அதற்கு மேலும் இருப்பது இரண்டு ஆட்டத்திலும் ஒன்றே. புல் ஷாட் அடிக்கிற பெண்ணுக்கு இடுப்பு திருப்பத் தெரியும், அவளை முதலில் கூப்பிட்டு மற்றவர்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். மாற்ற வேண்டியது மூன்று விஷயம். பேட்டைத் தரையில் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, முதலிலேயே பின்தோள் அருகே தூக்கி வைத்திருக்க வேண்டும். தலையைப் பந்தை நோக்கிக் கொண்டுபோகக் கூடாது. முன்காலை நீட்டிப் போடக் கூடாது, ஒரு சாண் போதும்.

இதில் முன்கால்தான் பெரிய விஷயம். கிரிக்கெட்டில் பந்து எங்கே குத்துகிறது என்று பார்த்துக் காலை நகர்த்துகிறோம். சாஃப்ட்பாலில் பந்து குத்துவதில்லை. அக்குளுக்கும் முழங்காலுக்கும் இடையில் நேராக வரும். பெண்களுக்கான முழு ஆட்டத்தில் பந்து போடுகிற பிட்சர் 43 அடியில் நிற்கிறார். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வந்தால் பந்து அரை வினாடிக்குச் சற்று மேலான நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். அதற்குள் கால் தேட நேரமில்லை. பந்து கையை விட்டு வரும்போதே முன்கால் விரல்கள் தரையைத் தொட வேண்டும், கை பின்னாலேயே இருக்க வேண்டும். பிறகு முன்குதிகால் ஊன்ற, பின்கால் முன்பாதத்தில் சுழல, இடுப்பு திரும்ப, அதன் பின்னால் கை வரும். குதிகால் ஊன்றும் முன்பே பேட் கிளம்பிவிட்டால் அந்த அடியில் உயிர் இருக்காது.

பேட் இல்லாமலே இதைப் பழக்கலாம். இரண்டு கையையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, "விரல், குதி, இடுப்பு" என்று அவர்களே சத்தமாகச் சொல்லிச் செய்யட்டும். தினம் ஐந்து நிமிடம் போதும். சலித்துக்கொள்வார்கள், விடாதீர்கள்.

அடுத்தது டீ. பந்தை உச்சியில் வைத்து அடிக்கிற அந்தத் தண்டு இல்லாமல் ஸ்விங் பழக்க முடியாது என்பது என் கருத்து. வாங்கப் பணம் இல்லையென்றால் பழைய பெயின்ட் டப்பாவில் சிமென்ட் கலவை போட்டு பிவிசி பைப்பை நட்டு, மேல் முனையில் பழைய ரேடியேட்டர் ஹோஸ் துண்டைச் செருகுங்கள். லாரி மெக்கானிக் ஷெட்டில் கேட்டால் கிடைக்கும். பேட் பட்டாலும் வளைந்து கொடுக்கும். அடிக்கப் பழைய வலை ஒன்றைக் கட்டிவிட்டால் பந்து பொறுக்கும் நேரம் மிச்சம்.

டீயை வைக்கும் இடத்தில்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். தொப்புளுக்கு நேராக வைப்பார்கள். நடுவில் வரும் பந்தை முன்காலுக்கு நேராகச் சந்திக்க வேண்டும், டீயும் அங்கேதான். உடம்பை ஒட்டி வரும் உள்பக்கப் பந்தென்றால் அதைவிடக் கொஞ்சம் முன்னால், விலகி வரும் வெளிப்பக்கப் பந்தென்றால் கொஞ்சம் பின்னால். பந்தில் பேட் படும் நொடியில் மேல்கையின் உள்ளங்கை வானம் பார்க்கவும் கீழ்க்கையின் உள்ளங்கை தரை பார்க்கவும் வேண்டும். மணிக்கட்டை அதற்கு முன்பே புரட்டிவிடுவதுதான் உங்கள் பிள்ளைகளின் பந்து உருள்வதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும். "மேலிருந்து வெட்டி அடி" என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் நிறுத்துங்கள். பந்து பெரும்பாலும் லேசாக இறங்கித்தான் வருகிறது, பேட் லேசாக ஏறிப் போனால்தான் அதன் பாதையில் அதிக நேரம் இருக்கும்.

பிடி இறுகியிருந்தால் இவை எதுவும் நடக்காது. கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி விரல்களில் பிடிக்கச் சொல்லுங்கள். பேட் கனமாக இருந்தாலும் பிடி இறுகும். பள்ளிகளில் பெரிய அக்காக்களுக்கு வாங்கிய 33, 34 அங்குல பேட்டையே எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். இந்த வயதுக்கு 28 முதல் 31 அங்குலம் சரி. ஒரே கையால் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்து இருபது எண்ணுவதற்குள் கை நடுங்கினால் அந்த பேட் அவளுக்கு ஆகாது. வேறு இல்லையென்றால் கைப்பிடியில் இரண்டு அங்குலம் மேலே ஏற்றிப் பிடிக்கட்டும்.

டீயில் அடி சுத்தமான பிறகு பக்கவாட்டிலிருந்து பந்தை மெல்லத் தூக்கிப் போட்டு அடிக்க விடுங்கள். போடுகிறவர் முன்பக்கம் சாய்வாக, அடி போகும் திசைக்கு வெளியே இருக்க வேண்டும். பந்துகளில் சிவப்பு, நீலம் என்று ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்து, அடிக்கும்போதே நிறத்தைச் சொல்லச் சொல்லுங்கள். தலை தானாக நிற்கும். பிட்சிங் ஆரம்பிக்கும்போது 43 அடி வேண்டாம், 35 அடியிலிருந்து மெதுவாகப் போடுங்கள். ஹெல்மெட் இல்லாமல் யாரையும் பேட் பிடிக்க விடாதீர்கள்.

ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு திருத்தம் மட்டும் சொல்லுங்கள். காலையும் கையையும் தலையையும் ஒரே மூச்சில் திருத்தினால் அவள் உறைந்து போய் நிற்பாள். பத்து அடி கவனமாக அடித்ததும் அடுத்தவளுக்கு மாற்றுங்கள். நம்ம ஊர் ஏப்ரல், மே வெயிலில் காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். அலுமினிய பேட்டை மரநிழலில் வையுங்கள், வெயிலில் கிடந்தால் கை சுடும்.

இன்னொன்று, அடித்ததும் பேட்டோடு ஓடுவார்கள், க்ரீஸைத் தொட்ட பழக்கம். அதைத் திருத்தப் போனால் பேட்டைப் பின்னால் வீசி எறிவார்கள், விக்கெட் கீப்பர் மாதிரி பின்னால் இருக்கிற கேட்சருக்கு அது ஆபத்து. அதனால் டீயில் அடிக்கும் ஒவ்வொரு அடியையும் பேட்டைக் காலடியில் போட்டுவிட்டு முதல் பேஸ் பக்கம் நாலு எட்டு ஓடுவதோடு சேர்த்தே பழக்குங்கள்.