மகன் பிஸ்டல் இன்ஸ்ரக்டர் ஆகப்போறானாம் எண்டு கேட்ட அம்மாவுக்கு

அக்கா, நீங்கள் அனுப்பின வொய்ஸ் மெசேஜ் ரெண்டையும் வடிவாக் கேட்டன். ஏஎல் டெக் ஸ்ட்ரீமில எழுதிப்போட்டு வீட்ட நிக்கிற மகனுக்கு கனடா மாமா ஏதோ ஒன்லைன் கோர்ஸ் லிங்க் அனுப்பினவராம், அதைப் படிச்சால் பிஸ்டல் சுடப் பழக்கிற இன்ஸ்ரக்டர் ஆகலாமாம், வெளிநாட்டில நல்ல காசாம் எண்டு அவன் ஒற்றைக்காலில நிக்கிறான், உங்களுக்கு துவக்கு எண்டு கேட்டாலே நெஞ்சு பதறுது. 2009 இல கடைசிச் சண்டை நேரம் புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்த எந்தத் தாய்க்கும் பதறத்தான் செய்யும். அவன் அப்ப நீங்கள் தோளில தூக்கிக்கொண்டு ஓடின பிள்ளை, அவனுக்கு துவக்கு எண்டால் ஒலிம்பிக்கில வாற ஒரு விளையாட்டு, அவ்வளவுதான். அதுக்காக அவனை ஏசாதீங்கோ, ஆனா அந்தக் கோர்ஸுக்கு இப்ப ஒரு சதமும் கட்டவேண்டாம்.

ஏனெண்டு சொல்லிறன். இன்ஸ்ரக்டர் சேர்ட்டிபிக்கற் எண்டது நாட்டுக்கு நாடு வேற. அமெரிக்காவில 1871 இல தொடங்கின என்ஆர்ஏ எண்ட தேசிய துவக்குச் சங்கம்தான் இதில பேர்போனது, அதுக்கு ஒரு பயிற்சியாளரிட்ட நேர நிண்டு படிக்கோணும், சுட்டுக் காட்டோணும், பாதுகாப்பாக் கையாளுறதைக் காட்டோணும், எழுத்துப் பரீட்சையில 90 வீதம் எடுக்கோணும். வீட்டில கட்டிலில படுத்திருந்து போனில பார்த்து முடிக்கிற விசயம் இல்லை. இன்னொண்டு, அமெரிக்காவுக்கு விசிட்டிலயோ ஸ்டூடன்ட் விசாவிலயோ போற ஆள் அங்க துவக்கோ ரவையோ வைச்சிருக்கிறதே பொதுவா சட்டப்படி குற்றம், வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்குத்தான் இருக்கு.

மாமா இருக்கிற கனடாவில கதை இன்னும் இறுக்கம். அங்க துவக்குப் பாதுகாப்புக் கோர்ஸ் படிப்பிக்கிறவரை அந்தந்த மாகாணத்துக்குப் பொறுப்பான துவக்கு அதிகாரிதான் நியமிக்கிறது, அதோட 2022 ஒக்ரோபர் 21 இல இருந்து சாதாரண ஆக்கள் கைத்துவக்கு வாங்கிறதையும் விக்கிறதையும் கைமாத்திறதையும் நிப்பாட்டி வைச்சிருக்கினம். அந்தச் சந்தையை நம்பி ஒரு 19 வயசுப் பெடியன்ர எதிர்காலத்தைத் திட்டமிடலாமோ எண்டு மாமாவிட்டயே கேளுங்கோ, அவர் கோவிச்சால் என்ர நம்பரைக் குடுங்கோ.

எங்கட இலங்கையில நிலமை உங்களுக்கே தெரியும். 1916 இல வந்த சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இண்டைக்கும், வருசா வருசம் லைசன்ஸ் புதுப்பிக்கோணும். பன்றி, குரங்குத் தொல்லைக்கு வயல்காரர் எடுக்கிற சொட்கன்னுக்கு கச்சேரியால, அதுதான் மாவட்டச் செயலகத்தால போகலாம், பிஸ்டல் எண்டால் பாதுகாப்பு அமைச்சு, சும்மா ஆசைக்குக் கிடைக்கிற சாமான் இல்லை. ஆயுதம் இறக்கிறதுக்கும் அமைச்சின்ர அனுமதி வேணும், ஆனபடியா வெளிநாட்டு வெப்சைட்டில எயார் பிஸ்டல், அதுதான் காத்தழுத்தத்தில சுடுற பிஸ்டல், ஓடர் பண்ணிப் பார்ப்பம் எண்டு அவன் வெளிக்கிட்டால் உடன நிப்பாட்டுங்கோ. இடியன் எண்ட கையால செய்யிற நாட்டுத் துவக்கு வைச்சிருக்கிற ஆரோடையும் காட்டுக்குப் போய்க் குறி பழகிறதும் வேண்டாம், அது லைசன்ஸ் இல்லாத ஆயுதம், பிடிபட்டால் பொலிஸ் ரிப்போர்ட்டில பேர் விழும், பிறகு அரசாங்க வேலையும் இல்லை வெளிநாட்டு விசாவும் இல்லை. காணி துப்புரவாக்கேக்க பழைய ரவையோ துவக்கோ கண்டால் கை வைக்காமல் பொலிஸுக்கு 119 இல அடிக்கச் சொல்லுங்கோ, இதை இந்தப் பக்கத்துப் பிள்ளையள் எல்லாருக்கும்தான் சொல்லிறன்.

சரி, எல்லாக் கதவையும் பூட்டிப்போட்டன் எண்டு தம்பி நினைக்கவேண்டாம். தம்பி, இனி உனக்கு. நீ ஆசைப்படுற வேலையில சுடுறது சின்னப் பங்குதான். இன்ஸ்ரக்டர் முழுநாளும் செய்யிறது பயந்துபோய் நிக்கிற புது ஆளுக்குப் பக்கத்தில நிண்டு, குழல் எந்தப் பக்கம் திரும்புது, விரல் ட்ரிகருக்கு வெளியில நிக்குதோ எண்டு கண் வெட்டாமல் பார்க்கிறது, ஒரே விசயத்தை இருபது பேருக்கு இருபது விதமா விளங்கப்படுத்திறது. உனக்குப் படிப்பிக்கப் பிடிக்குமோ, பொறுமை இருக்கோ எண்டு முதல் பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு கணக்குச் சொல்லிக்குடுக்கேக்கயே உனக்குச் சினம் வருமெண்டால் இது உனக்கான வேலை இல்லை.

குறி எப்பிடித் திருந்தும் எண்டு கேட்டிருந்தாய். ரவையைக் கனக்கச் சுட்டால் திருந்தும் எண்டுதான் எல்லாரும் நினைக்கினம், அது பிழை. பிஸ்டலுக்கு மேல குறிபார்க்கிறதுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் இருக்கிற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைத்தூரம் 15 சென்ரிமீற்றர் எண்டு வை, அதில முன் சைட் 1 மில்லிமீற்றர் விலகினால் 10 மீற்றர் தள்ளி இருக்கிற இலக்கில கிட்டத்தட்ட 6.7 சென்ரிமீற்றர் விலகும், நீ டெக் படிச்சனி, வடிவொத்த முக்கோணம் கீறிப் பார். ஒலிம்பிக் 10 மீற்றர் எயார் பிஸ்டல் இலக்கில பத்துப் புள்ளி வட்டத்தின்ர விட்டமே 11.5 மில்லிமீற்றர்தான். அதாலதான் கண்ணை இலக்கில வைக்காமல் முன் சைட்டில வை, இலக்கு மங்கலாத் தெரிஞ்சால் பரவாயில்லை எண்டு படிப்பிக்கிறவை. அடுத்தது விரல். வெடிக்கப்போகுது எண்டு மனசு முந்தினவுடன கை தன்பாட்டில ஒரு இழுவை இழுக்கும், வெடி கீழ போகும். இதைக் கண்டுபிடிக்கிறதுக்கு, நல்ல ரவைகளுக்கு நடுவில வெடிக்காத டம்மி ரவையை சுடுறவருக்குத் தெரியாமல் இன்ஸ்ரக்டர் போட்டு விடுவார், வெடிக்காத நேரம் குழல் துள்ளினால் ஆள் பிடிபட்டிடுவார். நல்ல சூட்டுக்காரர் பயிற்சியில பெரும்பங்கை ரவை இல்லாமல்தான் எடுக்கிறவை, துவக்கு வெறுமையோ எண்டு ரெண்டு தரம் பார்த்து, ரவையை வேற அறையில வைச்சுப்போட்டு, ட்ரிகரை மெதுவா அமத்தி அமத்திப் பழகிறது. வெடி போனதுக்குப் பிறகும் ஒரு செக்கன் அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நிக்கிறதும் பயிற்சிதான், அதை விட்டுப்போட்டு உடன இலக்கை எட்டிப் பார்க்கிறவன் முன்னேற மாட்டான்.

உன்னட்டத் துவக்கு இல்லை, வாங்கவும் வேணாம். எயார் பிஸ்டல் ஆகக்கூடினது ஒண்டரைக் கிலோ, ஒரு கையாலதான் பிடிக்கிறது, போட்டியில 60 வெடி. ஒரு லீற்றர் தண்ணிப் போத்தலை நிறைச்சு, பக்கவாட்டில நிண்டு, கையை நீட்டிப் பிடிச்சுக்கொண்டு மூச்சைப் பாதி விட்டு நிப்பாட்டி நிண்டு பழகு. நடை, நீச்சல், நேரத்துக்கு நித்திரை, இதுகளும் கை நடுங்காமல் இருக்க வேணும். ஆனா விளையாட்டுத் துவக்கைத் தூக்கிக்கொண்டு ரோட்டில நிண்டு பழகிற வேலை வேண்டாம், ஏன் எண்டு வன்னியில ஆருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

வழி எண்டு பார்த்தால் ரெண்டு இருக்கு. ஒண்டு பொலிஸ், படை. அங்க இன்ஸ்ரக்டர்மாரை உள்ளுக்கையே உருவாக்கிறவை, அதுக்குப் போறதோ இல்லையோ எண்டது உங்கட குடும்பம் இருந்து கதைக்கவேண்டிய கதை, நான் அதுக்குள்ள வரேல்லை. மற்றது விளையாட்டு. ஐஎஸ்எஸ்எப் எண்ட உலகச் சம்மேளனம் டி, சி, பி, ஏ எண்டு படிப்படியாக் கோச் லைசன்ஸ் குடுக்குது, இது நாடு தாண்டி மதிக்கப்படுற ஒண்டு. இலங்கையில இருந்து தெஹானி எகொடவெல எண்ட பிள்ளை 10 மீற்றர் எயார் ரைபிளில டோக்கியோ ஒலிம்பிக் வரைக்கும் போனவ. ஆனா வன்னிக்குள்ள காசு கட்டிப் போய்ச் சுடுற ரேஞ்ச் ஒண்டும் நான் அறியேல்லை, கிளப்புகள் கூடுதலாக் கொழும்புப் பக்கம்தான், போய்வாற பஸ் காசையும் கணக்குப் பாருங்கோ.

அதால அக்கா, என்ர கருத்து இதுதான். சோறு போடுற ஒரு தொழில் முதல் கையில வரட்டும். ரிசல்ட் வந்து கம்பஸ் கிடைக்காட்டி கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கிற ஜேர்மன் டெக் எண்ட தொழிற்பயிற்சி நிறுவகத்துக்கு விண்ணப்பம் போடட்டும், என்விகியூ எண்ட தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்தால் இங்கயும் வெளியிலயும் பெறுமதி. கோச்சிங் ஆசை அதுக்குப் பிறகும் நிண்டால் கொழும்பு ரொறிங்ரனில இருக்கிற விளையாட்டு விஞ்ஞான நிறுவகத்தின்ர கோச்சிங் கோர்ஸுக்கு எப்ப விண்ணப்பம் கேட்கினம் எண்டு மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தரிட்டக் கேட்கலாம், அவர் கச்சேரிக்குள்ளதான் இருக்கிறார், கதைக்கக் காசும் இல்லை. மாமாவுக்கு உதவ விருப்பம் எண்டால் அந்தக் கோர்ஸ் காசை இவன்ர இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்பச் சொல்லுங்கோ. ரிசல்ட் சீற்றோட பெடியனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, விண்ணப்பத்தை இருந்து நிரப்புவம்.