கேள்வி–பதில்: சுவருக்கு அடிக்கும் பொடி முதல் தொட்டிக்குப் போடும் பொடி வரை

கேள்வி: கருப்பூர்ப் பக்கம் சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லைப் பொடியாக்கி, சுண்ணாம்புக்குப் பதிலாகச் சுவருக்கு அடிக்கலாமா?
— வாசகர், ஜாகீர் அம்மாபாளையம்

பதில்: அடிக்கலாம், ஆனால் சுவரில் நிற்காது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுத் தண்ணீர் தெளித்தால் அது கொதித்து நீறும். பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாக இறுகும். நீங்கள் சொல்லும் கல்லோ மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். அதைச் சுடும்போது, சுத்தமான கல்லாக இருந்தால், 100 கிலோவில் சுமார் 52 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். எஞ்சும் மக்னீசியா எவ்வளவு சூட்டில் வெந்தது என்பதைப் பொறுத்தே அதன் குணம் அமைகிறது. 1000 டிகிரி செல்சியசுக்குள் இளஞ்சூட்டில் சுட்டது துடிப்பான பொடி. மக்னீசியம் குளோரைடு கரைசலோடு பிசைந்தால் சிமென்ட் போல இறுகும், உரத்திலும் மாட்டுத் தீவனத்திலும் சேரும். 1500 டிகிரிக்கு மேல் நன்றாகச் சுட்டதோ தண்ணீரோடு ஏறக்குறைய எந்த வினையும் புரியாது. சுமார் 2800 டிகிரியில்தான் உருகும் என்பதால் உருக்கு உலைகளின் உட்சுவர்ச் செங்கல்லாகிறது. வீட்டுச் சுவருக்கு வழக்கமான சுண்ணாம்பையே வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை இருக்கிறது. பற்றவைப்பதற்கு வைத்திருக்கும் வெங்காரத்தை (போராக்ஸ்) பொரித்துத் தேனில் குழைத்து, ஏழு மாதக் குழந்தையின் வாய்ப்புண்ணில் தடவச் சொல்கிறார் என் மாமியார். தடவலாமா?
— வாசகி, சிவதாபுரம்

பதில்: வேண்டாம். பட்டறையில் வெங்காரம் செய்யும் வேலையைப் பாருங்கள்: ஊது குழலின் சூடு பட்டதும் முதலில் பொரி போல உப்பி, பிறகு கண்ணாடி போல உருகி, இணைப்பில் படிந்திருக்கும் உலோகக் களிம்பைக் கரைத்துக்கொண்டு, புதிதாகக் காற்றுப் படாமல் மூடிக்கொள்வதால்தான் பற்றுப்பொடி, அதாவது இணைக்கும் உலோகத் தூள், உருகி இடுக்குக்குள் ஓடுகிறது. அந்த வேலைக்கு அது மிகச் சிறந்த பொடி. ஆனால் அதிலுள்ள போரான் குடல் வழியே எளிதாக உடலில் ஏறும். வெங்காரமும் தேனும் கலந்து தொடர்ந்து கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனே கூடாது என்பது தனி. மாமியாரோடு வாதாட வேண்டாம். அவரையும் அழைத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். இலைத்துரு நோய்க்கு மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் சரிக்குச் சரி கலந்துதான் அடிக்கிறோம்; ஆனாலும் சில செடிகளில் இளந்தளிர் கருகுகிறது. ஏன்?
— வாசகர், ஏற்காடு

பதில்: எடை சரியாக இருந்தும் சுண்ணாம்பில் சத்து இல்லாமல் இருக்கலாம். நீங்கள் அடிக்கும் இந்தப் போர்டோக் கலவையில் துத்தத்தின் தாமிரம் முழுவதையும் சுண்ணாம்பு கட்டிப்போட வேண்டும். கட்டுப்படாமல் மிஞ்சிய தாமிரம் இலையைச் சுட்டுவிடும். மலைக் காற்றின் ஈரத்தில் மாதக்கணக்கில் வாய் திறந்து கிடந்த மூட்டையில் பாதி, சுண்ணாம்பாக இருப்பதை விட்டு வெறும் கார்பனேட்டாகியிருக்கும். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். எனவே ஒவ்வொரு முறையும் கட்டிச் சுண்ணாம்பை வாங்கி அப்போதே நீற்றுவது நல்லது.

துருநோய்க்கு அரை சதவீதக் கலவை போதும்: 100 லிட்டருக்குத் துத்தம் அரை கிலோ, சுண்ணாம்பு அரை கிலோ. இரண்டையும் ஐம்பது ஐம்பது லிட்டரில் தனித்தனியே, பிளாஸ்டிக் பீப்பாயில் கரையுங்கள். இரும்பு வாளி ஆகாது. சுண்ணாம்பை வடிகட்டிவிட்டு, துத்தக் கரைசலை அதில் மெல்ல ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருங்கள். மாற்றி ஊற்றக் கூடாது. பிறகு, பளபளவென்று தேய்த்த கவாத்துக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். அலகில் செம்பு நிறம் ஏறினால் தாமிரம் மிஞ்சியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப்பால் ஊற்றி, கத்தியைத் துடைத்து, நிறம் ஏறுவது நிற்கும் வரை மறுபடியும் மறுபடியும் சோதியுங்கள். கலந்ததை அன்றே அடித்துவிட வேண்டும். துருப் பூசணம் இலையின் அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் நுழைகிறது. ஆகையால் குழாயைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நாள் முடிவில் ஆள் களைத்து, மேல் இலையை மட்டும் நனைத்துவிட்டுப் போவதில்தான் பாதி மருந்து வீணாகிறது.

கேள்வி: பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் கலந்து குளியலறையைக் கழுவியபோது மூச்சடைத்தது. அதே பவுடரைக் குடிநீர்த் தொட்டியில் போடுகிறார்களே, அது ஆபத்தில்லையா?
— வாசகி, அம்மாபேட்டை

பதில்: உங்களை மூச்சடைக்க வைத்தது குளோரின் வாயு. அமிலம் பட்டதும் பொடியிலுள்ள குளோரின் ஒரே மூச்சில் வெளியேறுகிறது. கதவு மூடிய சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றைக் கொண்டு கழுவினால், நிறையத் தண்ணீர் விட்டு அலசாமல் மற்றதைத் தொடாதீர்கள். தொட்டியில் நடப்பது வேறு. சுமார் 33 சதவீதக் குளோரின் உள்ள நல்ல பொடி, தெளிந்த நீர் 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் என்றால், ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான குளோரின்தான் சேரும். கிருமியைக் கொல்லும் அந்த அளவு நம்மை ஒன்றும் செய்யாது. மூடி சரியாக இல்லாத டப்பாவில் நாள்பட்டுக் கட்டிதட்டிய பொடியை மட்டும் நம்பவேண்டாம். அதில் வீரியம் இறங்கியிருக்கும். பொடியை ஒரு குவளையில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பிறகு குவளை நிறைய நீர் சேர்த்துக் கலக்கி, கசடு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கத் தொடங்குங்கள்.