வலிப்பு மாத்திரை சத்தையெல்லாம் உறிஞ்சிவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. எட்டு வயதிலிருந்து வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுகிறான். மூன்று வருஷமாக ஃபிட்ஸ் வரவில்லை. ஆனால் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மாத்திரை உடம்பிலுள்ள ஜிங்க், செலினியத்தை எல்லாம் எடுத்துவிடும், அதை நிறுத்திவிட்டு சத்து மாத்திரை கொடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நிறுத்தலாமா டாக்டர்?
- ஒரு தாய், காசிமேடு

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா, ஒரு வேளைகூட. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. இந்த மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் ஜிங்க்கும் செலினியமும் குறைந்திருப்பதைச் சில ஆய்வுகள் காட்டின, வேறு சில ஆய்வுகளில் வித்தியாசமே தெரியவில்லை. ஃபெனிடாய்ன், கார்பமாஸெபைன் என்ற வேறு வலிப்பு மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கோ செம்பின் அளவு கூடுவதுண்டு, ஏனென்றால் அவை கல்லீரலைத் தூண்டிவிட, அது செம்பைச் சுமக்கும் புரதத்தை அதிகமாகச் செய்கிறது. செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும்போது உண்டாகிற, செல்லையே அரிக்கும் மூலக்கூறுகளை அடக்கும் நொதிகளுக்கு இந்தத் தாதுக்கள் வேண்டும். அடக்க முடியாமல் அந்த மூலக்கூறுகள் பெருகுவதைத்தான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். ஆனால் பெரிய வலிப்பு ஒன்று வந்தாலே மூளையில் அந்த அழுத்தம் ஏறிவிடும். அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்தினால், அதையே நாம் கூப்பிட்டு வரவழைத்த மாதிரி ஆகும்.

சத்து மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். செலினியம் அளவுக்கு மீறினால் அதனாலேயே முடி கொட்டும், நகம் உடையும். ஜிங்க் அதிகமானால் செம்பு குறைந்து ரத்தசோகை வரும். காசிமேட்டில் இருக்கிறீர்கள், மத்தி, நெத்திலி, நண்டு எல்லாம் வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் சமைத்துக் கொடுங்கள், கூடவே பருப்பும் எள்ளும்.

முடி விஷயத்துக்கு வருகிறேன். வால்ப்ரோயேட்டால் முடி கொட்டுவது தெரிந்த பக்கவிளைவுதான், பெரும்பாலும் மருந்தின் அளவைப் பொறுத்தது. டாக்டர் அளவைக் குறைத்தாலோ மருந்தை மெதுவாக மாற்றினாலோ அநேகமாகத் திரும்ப வளரும், சிலருக்குச் சுருட்டையாகக்கூட வளரும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலோ வழக்கமாகப் பார்க்கும் இடத்திலோ நரம்பியல் டாக்டரிடம் போங்கள். கல்லீரல் பரிசோதனை, ரத்தத் தட்டணுக்கள், வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், நீண்ட நாள் மாத்திரையில் எலும்பு பலவீனமாவதை நிறைய பேர் கவனிப்பதே இல்லை. அப்புறம், மகனையும் கூட்டிப் போங்கள். இந்த வயதில் முடி கொட்டுவது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை அவனே டாக்டரிடம் சொல்லட்டும்.