வேலைக்காகச் சென்னைக்குக் குடிபெயரும்போது எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?

மதுரையில் இருந்து சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்கு மாற்றலாகி வருவதாகவும், மனைவி, நான்கு வயது மகள், வயதான அம்மா ஆகியோருடன் குடியேறப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு எடுப்பதா, வாடகை குறைந்த இடத்தில் எடுப்பதா என்பது உங்கள் கேள்வி. இதே இரண்டு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் 2014ஆம் ஆண்டு ஆனி மாதம் பாளையங்கோட்டையில் இருந்து நானும் வந்தேன். அந்தக் கணக்கில் விடுபட்டுப்போன ஒன்றுக்காக என் குடும்பம் பட்ட பாட்டை நான் இன்னும் மறக்கவில்லை; அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

என் கணவர் அப்போது ஷார்ஜாவில் இருந்தார். மூன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய மகன், முழங்கால் வலியால் படியேற முடியாத என் அத்தை (கணவரின் தாயார்), நான் என்று மூன்று பேருக்கு வீடு தேவைப்பட்டது. அலுவலகம் தரமணியில் இருந்ததால், அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடமாக இருக்கவேண்டும் என்று வேளச்சேரியில் ஏரிக்குச் சற்றுத் தள்ளிய ஒரு தெருவில் தரைத்தள வீட்டைப் பிடித்தேன். வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாத வாடகை. பறக்கும் ரயில் நிலையம் அருகில் இருந்தது, மகனுக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது, தண்டீசுவரர் கோயிலுக்கு அத்தை மெதுவாக நடந்தே போய்விடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயிலில், இருபது நிமிடம் பார்த்துவிட்டு அந்த வீட்டை முடிவு செய்தேன்.

அந்த இருபது நிமிடத்தில் என் கண்ணில் பட்டும் எனக்குப் புரியாமல் போனவற்றை இப்போது வரிசையாகச் சொல்ல முடியும். வாசலில் மின்சார மீட்டர் பெட்டி என் தலைக்கு மேல் இருந்தது. அதற்குக் கீழே இடுப்பளவு உயரத்தில், பழைய பெட்டி இருந்த இடத்தைச் சிமென்ட் பூசி மூடிய சதுரத் தழும்பு ஒன்று இருந்தது. தண்ணீர் மோட்டார் தரையில் இல்லாமல் மூன்றடி உயரத் திண்டில் உட்கார்ந்திருந்தது. வீட்டைக் கட்டியபோது தெருவில் இருந்து மூன்று படி ஏறி உள்ளே போகும்படி வைத்திருக்கிறார்கள். பழைய தார் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்ததில் இரண்டு படிகள் மண்ணுக்குள் போய், மிஞ்சியது ஒரு படிதான். வீட்டுக்காரரிடம் மழைக்காலத்தில் எப்படி என்று கேட்டேன். இந்தத் தெருவில் தண்ணீர் நிற்காது என்றார். 2005ஆம் ஆண்டு மழையில் அந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதையும், அதற்குப் பிறகே மீட்டர் பெட்டி மேலே போனதையும், தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி பின்னால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் எங்கள் தென்காசிப் பக்கத்துக்காரர். முதல் நாளே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவானது. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். வெள்ளம் என்றால் தெருவில் இருந்து வாசல் வழியாக வரும் என்று நினைத்து நான் வாசலில் ஈரச்சாக்கை அடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் முதலில் கழிவறைக்குள் இருந்துதான் வந்தது. கோப்பையில் குபுகுபுவென்று சத்தம் கேட்டது, பிறகு குளியலறைத் துளையில் கறுப்பாகச் சாக்கடை பொங்கியது, தெரு நீர் வாசற்படியைத் தொடுவதற்குள் உள்ளே கணுக்கால் அளவு நின்றது. மின்சாரம் போய், கைபேசியும் செத்துப்போன நிலையில், அத்தையை மாடி வீட்டுப் பையன்கள் இருவர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று இரவுகள் அந்த மாடி வீட்டில் பதினோரு பேர் இருந்தோம். கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியில் அத்தையின் கூறைப்புடவையும், மாமாவின் ஓய்வூதியப் புத்தகமும், என் சான்றிதழ்களும் இருந்தன. சான்றிதழ்களுக்கு மறுபடி விண்ணப்பித்து வாங்கிவிட்டேன்.

வேளச்சேரியில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளவேண்டாம். அந்தப் பகுதியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, கோயிலை ஒட்டிய பழைய குடியிருப்பில் இருந்த என் தோழியின் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஏறவில்லை. பழைய காலத்தில் ஊர் நத்தத்தை, அதாவது வீடுகள் இருக்கும் இடத்தை, மேட்டில் வைத்து, தாழ்வான இடத்தை ஏரிக்கும் வயலுக்கும் விட்டார்கள். பிற்பாடு மனை போட்டு விற்ற நகர்களும் காலனிகளும் பெரும்பாலும் அந்தத் தாழ்வில் வந்தவை. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் கலக்கிறது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022ஆம் ஆண்டு ராம்சார் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற தகுதி, கிடைத்தது. அதற்குள் அதன் பெரும்பகுதியைக் குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆகவே பகுதியின் பெயரை வைத்து நல்லது கெட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது, தெருவைத்தான் பார்க்கவேண்டும் என்பது என் அனுபவம்.

அந்தப் பயத்தில் அடுத்த தவற்றைச் செய்தேன். தண்ணீரே எட்டாத உயரத்துக்குப் போய்விடவேண்டும் என்று 2016ஆம் ஆண்டு துரைப்பாக்கத்தில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழாவது மாடிக்கு மாறினோம். லிப்ட், காவலாளி, விளையாட்டுத் திடல் எல்லாம் இருந்தன. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் நான் கேட்கவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையோரப் பகுதிகள் 2011ஆம் ஆண்டில்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. எங்கள் குடியிருப்பு அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பியே இருந்தது. 2019ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த நாள்களில் எங்களுக்குக் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் அரை மணி நேரமும்தான் குழாயில் தண்ணீர். மாதப் பராமரிப்புக் கட்டணம் 3,500 ரூபாயில் இருந்து 6,000 ரூபாய்க்கு ஏறியது. நான் அலுவலகத்தில் இருந்துவிடுவேன். வாளிகளை நிரப்பி வைத்தவர் முழங்கால் வலியோடு இருந்த அத்தைதான்.

ஆனால் அவரை வாட்டியது தண்ணீர் மட்டும் அன்று. வேளச்சேரியில் வெள்ளத்தில் அவ்வளவு பட்டவர், அந்தத் தெருவுக்கே திரும்பிப் போகலாமா என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வெள்ளிக்கிழமைக்கு ஒரு கோயில் உண்டா, வாசல்ல நின்னா ஒரு மனுசரு முகம் உண்டா?" என்றார். நான் காலை எட்டரைக்குப் போய் இரவு ஏழரைக்கு வருகிறவள். அந்தப் பதினோரு மணி நேரமும் அவர் இருக்கும் இடத்தை நான் என் அலுவலகத்தின் தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பகலெல்லாம் வீட்டில் இருக்கப்போகிறவருக்கு எந்த இடம் பொருந்தும் என்பதை முதலில் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகிறவரின் பயண நேரத்தைப் பிறகு பார்ப்பதுதான் சரி என்று அதற்குப் பிறகு நான் யார் கேட்டாலும் சொல்கிறேன்.

2019 இறுதியில் நங்கநல்லூரில், வண்டி நிறுத்தும் தளத்துக்கு மேல் முதல் மாடியில், லிப்ட் உள்ள வீடொன்றைப் பார்த்தோம். இந்தமுறை அத்தையை முதலில் அழைத்துப்போனேன். அவர் அறைகளைப் பார்க்கவில்லை. சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார், கிணறு இருக்கிறதா என்று கேட்டார், கீழே இறங்கிப் பால் கடைக்காரரிடமும் பூக்காரம்மாவிடமும் கால் மணி நேரம் பேசிவிட்டு வந்து, சரி என்றார். எனக்கு ஆதம்பாக்கம், வேளச்சேரி வழியாகத் தரமணிக்கு ஸ்கூட்டரில் மாலை நேரத்தில் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் ஆகிறது. முன்பு இருந்ததைவிடப் பயணம் கூடுதல்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் எல்லாம் மூழ்கியபோது எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது, மின்சாரம் போனது, வீட்டுக்குள் வரவில்லை. நங்கநல்லூரிலும் தாழ்வான தெருக்கள் உண்டு என்பதால், நான் சொன்னேன் என்று கண்ணை மூடிக்கொண்டு அங்கே வந்துவிடாதீர்கள்.

வாடகை வீட்டுக்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி, பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். தனியாள் மாறிக்கொள்ளலாம். பள்ளியில் சேர்த்த குழந்தையும் வயதானவரும் உள்ள குடும்பம் ஒருமுறை மாறுவதற்கு எவ்வளவு செலவாகும் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். வேளச்சேரி வீட்டைக் காலி செய்தபோது, வெள்ளத்தில் ஊறிய சுவருக்குப் பூச்சு வேலையும் வெள்ளையடிப்பும் என்று சொல்லி, 40,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். வெள்ளம் என்னால் வந்ததா? கட்டிலையும் பீரோவையும் குளிர்பதனப் பெட்டியையும் இழந்தவளிடம் சுவருக்குக் காசு கேட்டதை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத நிலையில், குடியிருப்புக்கான அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. ஊர் வழக்கம் என்று பத்து மாதம் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள், பேசிக் குறையுங்கள். இயற்கைச் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். வீட்டுக்காரர்கள் எல்லாரையும் குறை சொல்வதாக நினைக்கவேண்டாம்; இப்போது இருக்கும் வீட்டுக்காரம்மா மூன்று மாத அட்வான்ஸ்தான் வாங்கினார்.

உங்கள் அலுவலகம் சோழிங்கநல்லூர் என்பதால் மேடவாக்கம், துரைப்பாக்கம், திருவான்மியூர், தாம்பரம் கிழக்கு என்று நாலா பக்கமும் பார்க்க வாய்ப்பு உண்டு. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் பழைய மகாபலிபுரம் சாலை வழியாகச் சிறுசேரி சிப்காட்டுக்குப் போகும் தடமும், மேடவாக்கம் வழியாக வரும் தடமும் சோழிங்கநல்லூரில் சந்திக்க இருக்கின்றன. ஆனால் அது ஓடும் நாளை நம்பி இன்றைக்கு வீடு எடுக்காதீர்கள், இன்றைக்கு இருக்கும் பேருந்தையும் நெரிசலையும் வைத்தே முடிவு செய்யுங்கள். அலுவலக நாளில் மாலை ஆறரை மணிக்கு அலுவலக வாசலில் இருந்து அந்த வீடு வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போகும் நேரம் எதற்கும் உதவாது. சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. நீங்கள் வருவது அந்த மாதங்களில் என்றால், விடுதியில் ஒரு மாதம் தங்கியாவது, கனமழை பெய்த மறுநாள் காலையில் தெருவைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கோடையில் வந்தால், லாரி வாரத்துக்கு எத்தனை முறை வருகிறது, அந்தச் செலவு வாடகைக்குள் அடங்குமா என்று கீழ்வீட்டுக் குடித்தனக்காரரிடம் கேளுங்கள். மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, வாசற்படி எத்தனை மிஞ்சியிருக்கிறது, சம்ப்பின் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின்) மூடி தெரு மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்பதை நீங்களே குனிந்து பாருங்கள். வீட்டுக்காரரையும் தரகரையும் விட்டுவிட்டு இஸ்திரி போடுபவர், தண்ணீர் கேன் போடுபவர், மருந்துக்கடைக்காரர் ஆகிய மூவரிடமும் 2015இலும் 2023இலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால், தங்கள் காலில் கையை வைத்து அளவு காட்டுவார்கள்.

முடிவு செய்வதற்கு முன், ஒரு வாரத்துக்காவது உங்கள் அம்மாவை மதுரையில் இருந்து வரவழைத்து, பிடித்திருக்கும் இரண்டு மூன்று வீடுகளுக்கும் அழைத்துப்போங்கள். நீங்கள் அறைகளை அளந்துகொண்டிருக்கும்போது அவர் தெருவில் இறங்கி யாரிடமாவது பேசட்டும். திரும்பி வரும்வரை அவசரப்படுத்தாதீர்கள்.