பழைய புல்லட்டில் இக்னிஷன் டைமிங்கை வீட்டிலேயே சரி செய்ய முடியுமா?

முடியும். ஆனால் டைமிங்கில், அதாவது பிளக் பொறி விடும் நேரத்தில், கை வைக்கும் முன் பாயிண்டைப் பாருங்கள். திறந்து மூடும் சின்ன மின் தொடுமுனைதான் பாயிண்ட்; அது திறக்கும்போதுதான் பொறி வரும். நான் இதைத் தலைகீழாகச் செய்து, கிக்கர் திருப்பி அடித்து, நான்கு நாள் நொண்டியவன்.

என்னுடையது அப்பா ஓட்டிய 350 சிசி புல்லட், பாயிண்ட் வைத்த பழைய மாடல். புதுச்சேரியில் கோரிமேடு ஏற்றத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது, சைலன்சரும் அனலாகக் கொதித்தது. டைமிங் ரிடார்ட் ஆகிவிட்டது, அதாவது பொறி தாமதமாக வருகிறது என்று சரியாகத்தான் கணித்தேன். பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை அட்வான்ஸ் பக்கம், அதாவது பொறி முன்னதாக வரும் பக்கம், லேசாகத் திருப்பினேன். வண்டி பறந்தது. சில வாரம் கழித்துப் பாயிண்டைத் திறந்தால் இடைவெளி ரொம்பக் குறைந்திருந்தது. அதையும் சரி செய்தேன். மறுநாள் காலை விழுந்தது உதை.

சுற்றிச் சுற்றிப் பாயிண்டைத் திறக்கும் கேமில் உரசும் பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். இடைவெளியைக் கூட்டினால் முன்னதாகத் திறக்கும். நான் ஒரே குறைக்கு இரண்டு முறை அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன்!

சரி, முறை இதுதான். முதலில் பாயிண்டை நைஸ் எமரித் தாளால் தேய்த்துப் பெட்ரோலில் துடையுங்கள். நம் ஊர்க் கடற்காற்றுக்கு அது சீக்கிரம் களிம்பேறும். ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடு) வைத்து இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்பக்கமாகக் கையால் சுற்றுங்கள். பிளக் ஓட்டையில் வைத்த விரலைக் காற்று தள்ளினால் அது கம்ப்ரஷன். சைக்கிள் கம்பியை உள்ளே விட்டுப் பிஸ்டனின் உச்சத்தைக் கண்டுபிடியுங்கள். உச்சத்துக்கு 0.8 மி.மீ. முன்பாகப் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குச் சுற்றி மறுபடி முன்னால் வாருங்கள், இல்லாவிட்டால் செயின் தொய்வு ஏமாற்றும்.

திறந்ததை எப்படி அறிவது? பலர் சிகரெட் தாள் செருகுவார்கள். எனக்கு வண்டியிலுள்ள அம்மீட்டரே (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) போதும். சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வரும். பிஸ்டன் அந்த 0.8 மி.மீ. இடத்தில் நிற்கும்போது அந்த நொடி வரும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி போல்ட்டை இறுக்குங்கள். கேம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ்.

கம்பி சாய்வாக இறங்குவதால் அளவு துல்லியமாக இருக்காது. அதனால் கடைசித் தீர்ப்பு சாலையில்தான். ஏற்றத்தில் 'கிண் கிண்' என்று கேட்டால் ஒரு மயிரிழை ரிடார்ட் செய்யுங்கள். கோரிமேட்டைச் சத்தமில்லாமல் ஏறிவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.