அறக்கட்டளைப் பதிவு சிகிச்சைக்கான உரிமம் ஆகாது

கேள்வி: குடியாத்தம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் வீட்டுக்காரருக்கு 38 வயது, பல வருடமாகக் குடிப்பழக்கம். கடந்த மாதம் என் கொழுந்தனார் சொன்னதை நம்பி, ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள ஒரு குடிபோதை மறுவாழ்வு மையத்துக்கு போன் செய்தோம். இரவில் காரில் நான்கு பேர் வந்து, அவர் கத்தக் கத்தத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்துக்கு 45,000 ரூபாய் கட்டியிருக்கிறேன். ஒரு படிவத்தில் கையெழுத்தும் போட்டேன். இன்றோடு 26 நாள் ஆகிறது. போனில் பேச விடவில்லை. மொட்டை அடித்துவிட்டார்கள் என்றும், மூன்றாம் நாள் வலிப்பு வந்தும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவில்லை என்றும் அங்கிருந்து வெளியே வந்த ஒருவர் சொன்னார். உரிமம் இருக்கிறதா என்று கேட்டால் அறக்கட்டளைப் பத்திரத்தையும் ஐ.எஸ்.ஓ. சான்றிதழையும் காட்டுகிறார்கள். 90 நாள் முடியாமல் விடமாட்டோம் என்கிறார்கள். நானே கையெழுத்துப் போட்டுவிட்டதால் இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: சகோதரி, செய்ய முடியும். உங்கள் கையெழுத்து அவரை அடைத்துவைக்கும் அதிகாரத்தை யாருக்கும் தந்துவிடவில்லை.

மது, போதைப்பொருள் பழக்கத்தோடு வரும் மனநிலைப் பாதிப்புகளும் மனநல பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. ஆகவே அத்தகையவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும், மனநல நிறுவனம்தான். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யாமல் அதை நடத்தக் கூடாது என்கிறது பிரிவு 65. அறக்கட்டளைப் பத்திரம் அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. ஐ.எஸ்.ஓ. நிர்வாக நடைமுறைக்கான சான்று. சில மையங்கள் காட்டும் என்.ஏ.பி.எச். (மருத்துவமனைகளுக்கான தேசிய தர வாரியம்) அங்கீகாரம் மருத்துவத் தரத்தைப் பார்த்துத் தரப்படுவது, மதிப்புள்ளதுதான். ஆனால் அதுவும் விருப்பத்தின் பேரில் பெறுவது. அரசுப் பதிவுக்கு மாற்று ஆகாது. நீங்கள் கேட்க வேண்டியது மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று. அதோடு, நோயாளிகளின் உரிமையைக் காக்க இதே சட்டத்தின்கீழ் உள்ள மனநல மறுஆய்வு வாரியத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மையத்துக்குள் எழுதி வைக்க வேண்டும், நோயாளி அந்த எண்ணுக்கு இலவசமாகப் பேச வசதி தர வேண்டும் என்று பிரிவு 70 சொல்கிறது. போனே தராத இடம் இந்தச் சட்டத்தை எந்த அளவுக்கு மதிக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்கவே முடியாதா என்றால், முடியும். ஆனால் அந்த வழி குறுகலானது. பிரிவு 89-இன்படி மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ ஒருவரும், சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களிலோ தனித்தனியாக அவரைப் பரிசோதித்திருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் அவர் இருக்கிறார், அல்லது தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறார் என்று இருவரும் முடிவுக்கு வர வேண்டும். தானாக முடிவெடுக்க முடியாத அளவுக்கு அவர் நிலை இருக்க வேண்டும். அதன் பிறகும் உச்சவரம்பு 30 நாள். ஏழு நாளில் மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். முடிவெடுக்கும் திறன் அவருக்குத் திரும்பிவிட்டதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். 30 நாளைத் தாண்ட வேண்டுமானால் பிரிவு 90-இன்படி இரண்டு மனநல மருத்துவர்கள் மறுபடி பரிசோதிக்க வேண்டும். எந்த மருத்துவரும் பார்க்காமல், இரவில் கார் அனுப்பித் தூக்கிப்போய், முதல் நாளே 90 நாள் என்று விலை பேசுவதற்கு இந்தச் சட்டத்தில் எங்கும் இடமில்லை.

மொட்டை அடித்ததாகச் சொல்கிறீர்கள். கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது என்று பிரிவு 20 வெளிப்படையாகவே சொல்கிறது. சங்கிலியால் கட்டுவதைப் பிரிவு 95-உம், தனியறையில் அடைப்பதைப் பிரிவு 97-உம் தடை செய்கின்றன. பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை அபராதம் 5,000 முதல் 50,000 ரூபாய் வரைதான். ஒரே நோயாளியிடம் 45,000 வாங்குபவருக்கு இது போதாது என்பது என் கருத்து. ஆனால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 127 அப்படியல்ல. பத்து நாளோ அதற்கு மேலோ ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்துவைத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அந்த வலிப்புதான். நீண்டகாலம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் பிதற்றல், நடுக்கம், காய்ச்சல் என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் கட்டத்துக்கு மருத்துவரும் செவிலியரும் மருந்தும் உள்ள மருத்துவமனைப் படுக்கை வேண்டும். நச்சு நீக்கம், அதாவது மதுவை நிறுத்தும்போது வரும் இந்த ஆபத்துகளுக்கான சிகிச்சை, முடிந்து உடல் தேறிய பிறகுதான் ஆலோசனை, குழு உரையாடல், தங்கும் மறுவாழ்வு எல்லாம். பலருக்குத் தங்கவே வேண்டாம், புறநோயாளியாக வந்து மாத்திரை வாங்கிப் போனாலே போதும். எந்தக் கட்டத்தில் இருப்பவர் எந்தப் படியில் சேர வேண்டும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், மைய மேலாளர் அல்ல.

இப்போது செய்ய வேண்டியவை. மையத்துக்குத் தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். கணவரை உடனே விடுவிக்கக் கோரி, மையம் இருக்கும் எல்லைக்குரிய காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதே நாளில் அந்தப் பகுதி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுங்கள். சட்டவிரோதமாக அடைத்துவைக்கப்பட்டவரைத் தேடி மீட்க, குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 100-இன்கீழ் அவர் ஆணையிடலாம். உங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் இருந்தாலும், 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ராணிப்பேட்டைக்குத் தனி ஆட்சியர் இருக்கிறார். மனுவை அங்கேதான் கொடுக்க வேண்டும். வேலூரில் கொடுத்தால் அலைய விடுவார்கள். இரண்டும் நகரவில்லை என்றால் அடைத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் போடலாம். மையத்துக்குப் பதிவு உண்டா என்று மாநில மனநல ஆணையத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒருவரின் உயிர், சுதந்திரம் தொடர்பான தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

வெளியே வந்ததும் நேராக வீட்டுக்கு வேண்டாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். உடலில் காயம் இருந்தால் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், வழக்குக்கு அதுதான் முதுகெலும்பு. அங்கேயே மனநலப் பிரிவில் காட்டுங்கள். வசதிப்பட்டால் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையமும் இருக்கிறது. இந்த முறை சிகிச்சை வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். இப்படித் தூக்கிப்போனவர்கள் மீது அவருக்குக் கோபம் இருக்கும், உங்கள் மீதும் இருக்கலாம். பயந்துபோய்ச் செய்தீர்கள் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். சந்தேகம் கேட்க 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணும் இலவசம்.

பணத்துக்கு, வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். மையம் ராணிப்பேட்டையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் இல்லை. ரசீது தரவில்லை என்றால் ஜிபே பதிவு போதும். "பணம் திரும்பக் கிடைக்காது" என்று அவர்கள் அச்சடித்து வைத்திருக்கும் வரியைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். பெண் என்ற ஒரே காரணத்தாலேயே, வருமானம் எவ்வளவு என்றாலும், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நாளைக் காலையே போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். படிவத்தின் நகல், பணம் கட்டிய சான்று, வெளியே வந்தவர் சொன்னதை அவர் கைப்படவே எழுதி வாங்கிய தாள், மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.